காற்றாலை வருவதற்கு முன்பே பஞ்சம் முடிந்துவிட்டது

'தி பாய் ஹூ ஹார்னஸ்ட் தி விண்ட்' படம் 2019-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது, பார்த்த கையோடு நாலைந்து பேரிடம் "கட்டாயம் பாருங்க" என்று சொன்னவன் நான். மலாவி நாட்டின் ஒரு கிராமத்துப் பையன், பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் படிப்பை விட்டவன், நூலகத்தில் கிடைத்த ஒரு புத்தகத்தைப் பார்த்து, பழைய இரும்புக் குப்பையில் கிடந்த சாமான்களைப் பொறுக்கிக் காற்றாலை கட்டுகிறான். தண்ணீர் இறைக்கிறது, வயல் பச்சையாகிறது, பசி தீர்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர் சொன்னார்: "மனசிருந்தா மார்க்கமுண்டுன்னு சும்மாவா சொன்னாங்க? ஏழைங்களுக்குக் காசைக் கொடுத்துப் பிரயோஜனமில்ல சார், தன்னம்பிக்கையைக் கொடுக்கணும்." நானும் தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் புத்தகத்தைப் படித்தேன். அன்றைக்குத் தலையாட்டியிருக்கக் கூடாது.

வில்லியம் கம்குவாம்பா, பிரையன் மீலர் என்ற பத்திரிகையாளரோடு சேர்ந்து எழுதி 2009-இல் வெளிவந்த தன்வரலாறு அது. படத்துக்கும் புத்தகத்துக்கும் உள்ள வேறுபாடுகளைப் பட்டியல் போடுவது எனக்குப் பிடிக்காத வேலை. கதையைச் சுருக்க வேண்டும், நாலு பேரை ஒருவராக்க வேண்டும், இயக்குநருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் இங்கே மாறியிருப்பது நிகழ்ச்சிகளின் வரிசை. படத்தில் பஞ்சம் உச்சத்தில் இருக்கும்போது காற்றாலை எழுகிறது, அதனால் பஞ்சம் ஒழிகிறது. நடந்தது வேறு. 2002 மார்ச் வாக்கில் வயலில் மக்காச்சோளம் பால் பிடித்து, இளங்கதிரை ஒடித்துச் சாப்பிடும் பக்குவத்துக்கு வந்தபோது வில்லியம் வீட்டில் பசி அடங்க ஆரம்பித்தது. பருவமழை பெய்தது, கதிர் விளைந்தது, அவ்வளவுதான். காற்றாலை அதற்குப் பிறகு, அதே ஆண்டில் எழுந்தது. சைக்கிள் டைனமோ, டிராக்டரின் விசிறி, சூடுகாட்டித் தட்டையாக்கிய பிவிசி குழாய், யூகலிப்டஸ் மரத்தால் ஒரு கோபுரம். அது எரித்தது விளக்கு. ராத்திரியில் அந்தப் பையன் படிக்க முடிந்தது. அக்கம்பக்கத்தார் செல்போனுக்கு சார்ஜ் போட வரிசையில் நின்றார்கள். தண்ணீர் இறைக்கும் ஏற்பாடெல்லாம் பின்னால் வந்தது.

மின்சாரமே எட்டிப் பார்க்காத ஊரில் பதினைந்து வயதுக்குள் ஒருவன் இதைச் செய்ததை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் விளக்கு எரிந்ததும் பசி தீர்ந்ததும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிட்டால், அந்தப் பஞ்சம் ஏன் வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை.

ஏன் வந்தது? 1999, 2000 இரண்டு ஆண்டுகளிலும் மலாவியில் நல்ல விளைச்சல். அரசிடம் ஏறக்குறைய 1,65,000 டன் மக்காச்சோளம் கையிருப்பு இருந்தது. 1999-இல் அமைத்த தேசிய உணவு இருப்பு நிறுவனம் அதைக் கடன் வாங்கித்தான் கொள்முதல் செய்திருந்தது, வட்டி ஏறிக்கொண்டிருந்தது. 30,000 முதல் 60,000 டன் வரை வைத்துக்கொண்டு மீதியை விற்கலாம் என்று ஆலோசனை வந்தது. பன்னாட்டு நாணய நிதியமும் இருப்பைக் குறைக்கச் சொன்னது. அரசோ ஏறக்குறைய முழுவதையும் விற்றுத் தீர்த்தது. யார் வாங்கினார்கள், என்ன விலைக்கு என்பது பின்னால் பெரிய ஊழல் சர்ச்சையாக வெடித்தது. 2001-இல் வெள்ளம் வந்து விளைச்சல் மூன்றில் ஒரு பங்கு போல விழுந்தது. மரவள்ளிக்கிழங்கு நிறைய விளைந்திருக்கிறது, சமாளித்துக்கொள்ளலாம் என்று காகிதத்தில் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கிழங்கு நிலத்தில் இல்லை. சிறு விவசாயிகளுக்கு இலவசமாகக் கிடைத்துவந்த விதை, உரப் பொட்டலமும் அதற்கு முன்பே பாதியாகச் சுருங்கியிருந்தது. வெளிநாட்டிலிருந்து சோளம் வந்து சேரத் தாமதமானது. சந்தையில் விலை பல மடங்கு ஏறியது. 2002 பிப்ரவரி கடைசியில்தான் அரசு பேரிடர் நிலை என்று அறிவித்தது. அதற்குள் ஆள்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றி அமர்த்தியா சென் எழுதியதைப் படித்தவர்களுக்கு இது பழகிய கதை. சோளம் எங்காவது இருக்கும். வாங்கும் சக்தி இவர்களிடம் இருக்காது. காற்றாலையால் தீரக்கூடிய விஷயம் இதில் எதுவுமே இல்லை.

புத்தகத்தின் நடுவில் வரும் பஞ்சத்து அத்தியாயங்கள்தான் அதன் உயிர் என்பேன். தொடக்கத்தில் மந்திரம், சூனியம் என்று கொஞ்சம் இழுக்கிறது. கடைசியில் மேடை, கைதட்டல், விமானப் பயணம் என்று வழக்கமான வெற்றிக்கதை ஆகிவிடுகிறது. நடுவில் மட்டும் சோடனை கிடையாது. மலாவி மக்களின் சாப்பாடு என்சிமா. மக்காச்சோள மாவில் கிண்டுவது, நம்மூர்க் களி மாதிரி. அது நாளுக்கு ஒரு வேளையாகிறது, பிறகு அந்த ஒரு வேளையும் சில கவளமாகிறது. இருக்கிற மாவில் அம்மா கேக் சுட்டு சந்தையில் விற்று, அந்தக் காசில் மறுநாளுக்கு மாவு வாங்குகிறார். முதலுக்கே மோசம் வந்துவிடாமல் நாளை ஓட்டும் அந்தக் கணக்கு இருக்கிறதே, வறுமை பற்றி நான் படித்த எந்த அறிக்கையிலும் அது இவ்வளவு தெளிவாக இல்லை. மில்லில் மாட்டுக்குப் போடும் தவிட்டை வாங்க ஆள்கள் வரிசையில் நிற்கிறார்கள், வியாபாரி அதிலும் மரத்தூளைக் கலக்கிறான். காம்பா என்ற வளர்ப்பு நாய்க்குப் போடச் சோறில்லாமல் அந்தப் பையன் செய்வதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை, அங்கேயே படித்துக்கொள்ளுங்கள்.

படமும் அரசியலை முழுக்க மூடி மறைக்கவில்லை. அதையும் சொல்லணும். அதிபரின் முன்னால் பசியைப் பற்றிப் பேசிய ஊர்த்தலைவரை அடித்துத் துவைக்கும் காட்சி இருக்கிறது. அப்பாவாக நடித்து படத்தையும் இயக்கிய சிவெட்டல் எஜியோஃபோர் கெட்டிக்காரர். ஆனால் கடைசிக் கால் மணி நேரத்தில் காற்றாலை சுழன்றதும் அந்த அடியெல்லாம் மறந்துபோகிறது. நண்பர் சொன்னது அந்தக் கால் மணி நேரத்தின் கருத்துதான்.

இப்போது எண்களுக்கு வருவோம். மலாவியின் தேசிய வறுமை விகிதம் 2004-05-இல் 52.4 சதவீதம். 2010-11-இல் 50.7. 2016-17-இல் 51.5. 2019-20-இல் மறுபடியும் 50.7. இந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குள்தான் வில்லியம் உலக மேடை ஏறினார், புத்தகம் வந்தது, சிறுவருக்கான பதிப்பு வந்தது, படப்புத்தகம் வந்தது, சினிமாவும் வந்தது. விகிதம் நகரவே இல்லை. கடைசியாகச் சொன்ன கணக்கெடுப்பில் கோடு எங்கே இருந்தது தெரியுமா? ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 1,65,879 குவாச்சா. நாளுக்கு 454. அன்றைய சந்தை மாற்று விகிதத்தில் அரை டாலருக்குக் கொஞ்சம் மேல். உலக வங்கி 2025 வரை பயன்படுத்திய 2.15 டாலர் கோட்டை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் ஏழைகள். 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல், நவம்பரில் குவாச்சாவின் மதிப்பை 44 சதவீதம் குறைத்தது, இரண்டும் இந்தக் கணக்கில் சேராதவை.

இந்த எண்களிலும் எனக்கு ஒரு குறை உண்டு. கணக்கெடுப்பு ஆண்டு முழுக்க நடந்து சராசரியாகிவிடுகிறது. மலாவியில் அறுவடை ஏப்ரல், மே. டிசம்பரிலிருந்து மார்ச் வரை குதிர் காலி. அதே மாதங்களில்தான் சொந்த வயலில் களை எடுக்கணும், உரம் வைக்கணும். வீட்டில் சாப்பிட ஒன்றும் இல்லாதவர் என்ன செய்வார்? அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போவார். கான்யூ என்று பெயர். தன் வயல் களை மண்டிக் கிடக்கும். அடுத்த ஆண்டு விளைச்சல் இன்னும் குறையும், இன்னும் சீக்கிரமாகக் கூலிக்குப் போகணும். சோம்பேறித்தனமோ தன்னம்பிக்கைக் குறைவோ இதில் எங்கே இருக்கிறது? மே மாத மலாவியையும் பிப்ரவரி மலாவியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 50.7 வரும். பிப்ரவரி எப்படி இருக்கும் என்பது அந்த எண்ணில் தெரியாது, புத்தகத்தில் தெரிகிறது.

வில்லியம் படிப்பை விட்டதற்கும் இதே காலண்டர்தான் காரணம். 1994-லிருந்து அங்கே தொடக்கக் கல்வி இலவசம், உயர்நிலைப் பள்ளிக்கு அப்போது கட்டணம் இருந்தது. பஞ்சம் வந்த நேரமும் அவன் உயர்நிலைப் பள்ளி வாசலை மிதித்த நேரமும் ஒன்றாக அமைந்தன. அவனோடு அந்த ஆண்டு வெளியேறிய மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள்? புத்தகம் அதைத் தொடர்ந்து போவதில்லை. தானிய இருப்பை விற்ற கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பதினான்கு வயதுப் பையனின் கண் வழியாகச் சொல்லும் கதையில் அதற்கு மேல் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

படப்புத்தகத்தை ஒரு பள்ளிக்கூடத்து அலமாரியில் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளுக்கானது, பசிக்கு இடம் குறைவு, அது நியாயம். பெரியவர்களும் அந்தப் பதிப்போடு நின்றுவிடுகிறோம் என்பதுதான் என் சிக்கல். நண்பருக்கு முழுப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், பஞ்சத்து அத்தியாயம் தொடங்கும் பக்கத்தில் ஒரு காகிதத்தைச் செருகி. இன்னும் படிக்கவில்லையாம். "படம்தான் பாத்தாச்சே சார்" என்கிறார்.