ஆவியின் காதலும் வாசகர் அபிப்பிராயமும்

ஒரு நாவலை ‘இலேசானது’ என்று கூறும் வாசகர் அதனைப் பாராட்டுகின்றாரா, அன்றிப் புறந்தள்ளுகின்றாரா என்பது பல வேளைகளில் தெளிவாவதில்லை. 1945இல் ஆர். ஏ. டிக் என்னும் புனைபெயரில் ஜோசபின் லெஸ்லி எழுதிய ‘ஆவியும் திருமதி மூரும்’ என்ற ஆங்கில நாவல் இத்தகைய தெளிவின்மைக்கு நெடுங்காலம் உட்பட்டு வந்துள்ளது. அது பேய்க்கதை, ஆயின் அச்சமூட்டுவதில்லை. காதற்கதை, ஆயின் காதலருள் ஒருவர் உயிருடன் இல்லை. இவ்விரண்டையும் பிணைப்பது நகைச்சுவை. அந்நகைச்சுவையின் பெறுமதி யாது என்பதிலேயே வாசகர் அபிப்பிராயங்கள் வேறுபடுகின்றன.

கதை எளிமையானது. இளம் விதவையான லூசி மூர், கணவனின் தாயும் சகோதரியும் விதித்த ஒழுங்கிலிருந்து விடுபட விரும்பிக் கடற்கரைப் பட்டினமொன்றில் மிகக் குறைந்த வாடகைக்கு ஒரு வீட்டை எடுக்கின்றாள். வாடகை குறைந்தமைக்குக் காரணம், அவ்வீட்டின் முன்னைய உரிமையாளனாகிய கப்டன் டானியல் கிரெக்கின் ஆவி அங்கிருந்து அகல மறுப்பதேயாகும். அவன் தற்கொலை செய்துகொண்டான் என்பது ஊரார் முடிபு. உண்மையில் உறக்கத்திலே தற்செயலாக அவனது கால் பட்டு எரிவாயுக் குழாய் திறந்துகொண்டது. இறந்ததைக் காட்டிலும், இறந்த விதத்தை ஊரார் பிழையாக விளங்கிக்கொண்டதே அவனது பெருங்குறை! பின்னர் லூசியின் வருவாய் வற்றும்போது அவன் தன் கடல் வாழ்க்கையைச் சொல்ல, அவள் எழுதுகின்றாள். அந்நூல் ஈட்டித் தரும் பணத்தால் வீடு அவளுக்குச் சொந்தமாகின்றது.

இதனைப் பொழுதுபோக்குக்கு ஏற்ற இனிய நூல் என்று கூறி அமைவோர் ஒருசாரார். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, நூல் அவ்வாறு வாசிக்கத்தக்கதே. 1947இல் ஜோசப் மன்கியெவிக்ஸ் நெறிப்படுத்திய திரைப்படத்தின் வழியாக நாவலுக்கு வருவோர் பிறிதொரு சாரார். திரையில் றெக்ஸ் ஹரிசனை முழு உருவிற் கண்ட அவர்களுக்கு, நாவலிலே கப்டன் பெரிதும் குரலாகவே இருப்பது ஏமாற்றமளித்தல் இயல்பு. காதல் போதாது என்பது அவர்களது முறைப்பாடு. ஆனால் இக்குறைபாடே நூலின் நுட்பம் எனலாம். குரலாக மட்டும் இருப்பவனோடு உரையாடல் தவிர வேறெதுவும் சாத்தியமில்லை. உரையாடலில் ஒருவரையொருவர் வெல்ல முயன்று, தோற்று, சிரித்து, ஈற்றில் ஒருவரின்றி ஒருவர் இருக்கவியலாத நிலையை அவர்கள் அடைகின்றனர்.

இலேசான நூல் என்னும் கூற்று பொருந்தாதுபோகும் இடம் ஒன்றுண்டு. ஆவியை நீக்கிவிட்டு இக்கதையைக் கற்பனை செய்து பார்த்தால் அது புலனாகும். உயிருள்ள ஓர் ஆடவன் தனித்து வாழும் விதவையின் வீட்டில் தங்கினால் ஊர் தூற்றும். அவன் அவளை மணந்தால் வீட்டுக்குத் தலைவனாவான். இங்கிலாந்தில் 1870ஆம், 1882ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மணமான பெண்ணுக்குச் சொத்துரிமையை வழங்கியபோதிலும், வீட்டினுள்ளே யாருடைய சொல் நிற்பது என்பதை வழக்கமே தீர்மானித்து வந்தது. கப்டன் கிரெக்கோ எவ்வளவு உறுமினாலும் சாவியைத் திருப்பிக் கேட்கவியலாத உரிமையாளன். அவனது அதிகாரத் தோரணைக்கும் அதிகாரமின்மைக்கும் இடையிலுள்ள இடைவெளியிலிருந்தே சிரிப்புப் பிறக்கின்றது. ஒரு பெண்ணை ஆளாமல் அவளோடு வாழக்கூடிய ஆடவன் இறந்தவனாகவே இருத்தல் வேண்டும் என்ற கசப்பான எண்ணம் அச்சிரிப்பின் உள்ளே கிடக்கின்றது. உயிருள்ள காதலனாக வரும் மைல்ஸ் ஏற்கெனவே மணமானவன் என்பது வெளிப்படும்போது, இவ்வெண்ணம் மேலும் உறுதிபெறுகின்றது.

இதனால் இந்நாவலைப் பெண் விடுதலையின் குரலாகக் கொண்டாடுவோர் உளர். அவர்களுக்கு மறுப்பாக எழும் ஓர் அபிப்பிராயமே இந்நூல் பற்றிய அபிப்பிராயங்களுள் மிகக் கூர்மையானது. லூசி வீட்டைப் பெறுவது தன் எழுத்தினால் அன்று. ஓர் ஆடவனின் அனுபவத்தை, அவனுடைய மொழியில், அவன் சொல்லக் கேட்டு எழுதியதனாலேயே பெறுகின்றாள். அவளது சொந்த வாழ்வு பதிப்பகத்துக்கு வேண்டப்படுவதில்லை. இவ்விமர்சனம் நியாயமானதே. ஆனால் ஆசிரியை இதனை அறியாதிருந்தார் எனக் கொள்ளல் கடினம். பெயரின் முதலெழுத்துக்களுக்குப் பின்னே தன் பாலினை மறைத்து நின்று இந்நூலை வெளியிட்டவர் அவரே அன்றோ! அட்டையிலுள்ள பெயரே கதையினுட் கூறப்படும் தந்திரத்தை மீளவும் நிகழ்த்துகின்றது.

1968 தொடக்கம் 1970 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நகைச்சுவைத் தொடர் இவ்விடத்திற் பயனுள்ள ஒப்பீடாகும். அதில் நாயகி சஞ்சிகைகளுக்கு எழுதித் தானே உழைப்பவள். முன்னேற்றந்தான். ஆயினும் அவளுடைய பிழைப்புக்கு ஆவி தேவைப்படாதபோது ஆவி குறும்பு செய்யும் வீட்டு விருந்தாளியாகிவிடுகின்றது. சிரிப்பு மிகுந்தது, சிரிப்பதற்கான காரணம் குறைந்தது.

எஞ்சுவது முடிவு பற்றிய பிணக்கு. முதுமையில் லூசி இறக்க, கப்டனோடு சேர்கின்றாள். திரைப்படத்தில் இருவரும் இளமைத் தோற்றத்துடன் வாயிலைக் கடந்து செல்கின்றனர். கண்ணீரும் மகிழ்ச்சியும் ஒருங்கே தரும் முடிவு இது என்பர் பலர். வாழ்வில் இடமளிக்கப்படாத இன்பத்தை மரணத்தின்பின் தருவதாக வாக்களிப்பது ஏமாற்றே என்பர் வேறு சிலர். இரண்டாவது கூற்று எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எனினும் அது லூசி இறக்குமிடம் எது என்பதைக் கவனிக்கத் தவறுகின்றது. புகுந்த வீட்டாரின் இல்லத்திலோ பிள்ளைகளின் இல்லத்திலோ அவள் இறப்பதில்லை. பேய் குடியிருக்கிறது என்று பிறர் எடுக்க அஞ்சிய அதே வீட்டில், தன் பெயரில் உள்ள வீட்டில், தன்னுடைய நாற்காலியிலேயே அவளது மூச்சு அடங்குகின்றது.