பிழைக்கு இடம் தரும் வரைபடம்

2005இல் வெளிவந்த 'சைலன்ட் ஹன்டர் 3' விளையாட்டில் வரைபடத்தைத் திறந்தால், நம் நீர்மூழ்கி எப்போதும் மிகச் சரியான இடத்தில் தெரியும். புயலடித்தாலும், ஒரு வாரம் சூரியனே தலைகாட்டாவிட்டாலும் அந்தக் குறி இம்மியும் பிசகாது. இரண்டாம் உலகப்போரில் எந்த ஜெர்மன் மாலுமிக்கும் இந்தச் சொகுசு வாய்க்கவில்லை. இதை ஏற்க முடியாத ரசிகர்கள் விளையாட்டின் கோப்புகளைத் திருத்திக் குறியை நீக்கினார்கள். திசைமானி, கடிகாரம், விண்மீனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் ஆகியவற்றின் துணையோடு அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் குறியை நீக்கினால் மட்டும் உண்மைத்தன்மை வந்துவிடாது.

முதலில் கிடைக்கும் லாபம். விண்மீனை அளக்க அதுவும் தெரிய வேண்டும், அடிவானமும் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்து தெரிவது விடியலையும் அந்தியையும் ஒட்டிய சிறு பொழுதில்தான். அப்போது படகு நீருக்கு மேலே இருக்க வேண்டும். அதாவது எதிரியின் கண்ணிலும் படலாம். இருப்பிடம் தெரியாமல் மூழ்கியே போவதா, தெரிந்துகொள்ள மேலே வருவதா? குறி தெரியும் வரைபடத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கடிகாரமும் ஓர் ஆயுதமாகிவிடுகிறது: நிலநடுக்கோட்டில் 4 விநாடி பிசகினால் தீர்க்கரேகை ஒரு கடல் மைல் தள்ளிப்போகும்.

குறை தொடங்குவது கடலிலேதான். வேகம், திசை, நேரம் ஆகிய மூன்றையும் வைத்து இருப்பிடத்தை ஊகிக்கும் கணக்கு நிஜத்தில் பிசகுவதற்கு நீரோட்டமும் காற்றும் சுக்கான் பிடிப்பவரின் கைத்தடுமாற்றமும் காரணங்கள். நீருக்கடியில் 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) வேகத்தில் 12 மணி நேரம் ஊர்ந்தால் கடப்பது 24 கடல் மைல். குறுக்கே 1 நாட் நீரோட்டம் இருந்தால் படகு 12 மைல் பக்கவாட்டில் ஒதுங்கியிருக்கும். விளையாட்டில் நீரோட்டமே இல்லையென்றால் கணக்கு ஒருபோதும் பொய்க்காது. குறி இல்லாத வரைபடம் வெறும் பெருக்கல் பயிற்சியாகிவிடும். 1939 அக்டோபரில் ஜெர்மன் கேப்டன் குந்தர் பிரீன் யு-47 படகோடு பிரிட்டிஷ் கடற்படைத் தளமான ஸ்காபா ஃப்ளோவுக்குள் நுழைந்தபோது, நீர்வழியை அடைக்க மூழ்கடித்திருந்த கப்பல்களுக்கு நடுவே, வேகமாகப் பாயும் நீரோடு மல்லுக்கட்டித்தான் போனார். அந்த நீரோட்டத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இடுக்கில் வண்டி ஓட்டுவது மட்டுமே.

காலத்தை முடுக்கும் வசதி இன்னொரு முரண். இந்த விளையாட்டில் நேரத்தை 1024 மடங்கு வரை விரைவுபடுத்தலாம். ஒரு முழு நாள் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அரை மணி நேர அந்தி இரண்டு விநாடிக்குள் போய்விடும். அதைப் பிடிக்க ஆட்டத்தை ஒவ்வொரு நாளும் நிறுத்த வேண்டும். சிலருக்கு இது தவம். பலருக்கு மூன்றாம் நாளே சலிப்பு. சலிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இதைவிடப் பெரிய கேள்வி, பிழைக்கு என்ன விலை என்பது. ஜெர்மன் கடற்படை கடலைக் கட்டங்களாகப் பிரித்தே பேசியது. மிகச் சிறிய கட்டத்தின் பக்கம் சுமார் 6 கடல் மைல். நடுக்கடலில் தனியே திரியும் படகுக்கு ஐந்தாறு மைல் பிழை பெரிய சேதமில்லை. பிழை உறுத்துவது மற்றவர்கள் நம் கணக்கை நம்பும்போதுதான். எரிபொருள் தரும் கப்பலைச் சந்திக்க வேண்டும். கண்டுபிடித்த கான்வாயை, அதாவது காவலோடு செல்லும் எதிரிக் கப்பல் அணியை, தலைமையகத்துக்கு அறிவிக்க வேண்டும். நீர்மூழ்கியின் தாழ்ந்த மேல்தளத்திலிருந்து அடிவானம் ஏறத்தாழ 5 மைலில் முடிந்துவிடும். அதனால்தான் கான்வாயைப் பின்தொடரும் படகு வானொலிச் சமிக்ஞை அனுப்ப, மற்றப் படகுகள் அது வரும் திசையை அளந்து வந்து சேர்ந்தன. தன்னந்தனியாக வேட்டையாடும் விளையாட்டில் இந்தச் சார்பு கிடையாது. தப்புக் கணக்குப் போட்டவருக்கு ஒரு நட்டமும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நிஜப் படகில் இந்தக் கணக்கைப் போட்டவர் 'ஓபர்ஸ்டுயர்மன்' என்ற வழிகாட்டி மாலுமி. கேப்டனின் வேலை அவர் சொல்வதை எவ்வளவு நம்புவது என்று முடிவெடுப்பது. செக்ஸ்டன்டைக் கேப்டன் கையில் திணிக்கும் திருத்தங்கள், உண்மைத்தன்மையைக் காப்பாற்றுவதாக நினைத்து இருவரின் வேலையையும் குழப்புகின்றன. நான் விரும்பும் வடிவமைப்பில் வழிகாட்டி தன் கணிப்பை ஒரு வட்டமாக வரைந்து தருவார். மேகமூட்டம் நீடித்தால் வட்டம் பெருகும், விண்மீன் கிடைத்தால் சுருங்கும், அவர் களைத்திருந்தால் வட்டமே இடம் தவறும். தானே அளந்து பார்க்க ஆசைப்படுபவருக்குச் செக்ஸ்டன்டையும் அட்டவணையையும் விருப்பத் தேர்வாக வைக்கலாம்.