தகடூர் வரலாறும் உரையாசிரியர் நெறியும்

இக்காலத்துத் தருமபுரியே பழைய தகடூர். சங்கத்தார் பாடிய அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகரம் அது. ஆழ்வார்களின் மங்களாசாசனம் பெற்ற 108 திவ்யதேசங்களுள் அவ்வூர் எண்ணப்படவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து மத்தூர் வழியாக ஊத்தங்கரை செல்லும் நெடுவழியின் இருபுறத்து ஊர்களும் அவ்வெண்ணிக்கையில் இல்லை. இக்குறையை எவ்வாறேனும் நிறைத்துவிட வேண்டும் என்னும் ஆர்வம், இப்பகுதிக் கோயில்களுக்குத் தலவரலாறு எழுதப் புகுவோரிடம் எளிதில் தோன்றுகிறது. பாசுரத்தில் வரும் பொதுப்பெயரை ஓர் ஊருக்குச் சிறப்புப்பெயராகக் கொள்வதும், எம்பெருமானார் மேல்நாட்டுக்கு எழுந்தருளிய வழியைத் தம் ஊர் வழியே திருப்புவதும் அவ்வார்வத்தின் விளைவுகள். பக்தியினால் செய்யப்படுவது என்று இதனை விட்டுவிடலாகாது. உரைமரபில் வந்தவர்களுக்கு இது பிரமாணம் பற்றிய வினா.

தகடூரின் பெருமைக்கு இத்தகைய கற்பனை வேண்டுவதில்லை என்பது முதலில் உணரத்தக்கது. அசோகனுடைய இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சத்தியபுத்திரரையும் எண்ணுகிறது. இச்சத்தியபுத்திரர் யாவர் என்று ஆய்வாளர் நெடுங்காலம் வழக்கிட்டனர். 1981-ஆம் ஆண்டு திருக்கோவலூருக்கு அணித்தான ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்னும் அடைமொழியோடு கூறி அவ்வழக்கைப் பெரும்பாலும் முடித்துவைத்தது. அஞ்சி கோவலூரை வென்றதைப் பரணர் பாடினார் என்னும் செய்தி புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் உண்டு. முதலாழ்வார் மூவரும் இடைகழியில் நெருக்குண்டு எம்பெருமானை அநுபவித்த கோவலூரின் பக்கத்திலேயே தகடூர்த் தலைவனின் பெயர் கல்லில் கிடைத்தது. இதனைக் கொண்டு அஞ்சியை வைணவன் என்றல் பொருந்தாது. இரு வரலாறுகளும் ஒரு நிலத்தில் நிகழ்ந்தன என்பதே அதனால் பெறப்படுவது.

தகடூர் அழிந்த வரலாறும் உரையாசிரியர்களால் காக்கப்பட்டது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்ததைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் பாடினார். அப்போர் பற்றி எழுந்த தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுமையாகக் கிடைத்திலது. தொல்காப்பிய உரையில் பேராசிரியர் தொன்மை என்னும் வனப்புக்கு அதனை எடுத்துக்காட்டினார்; நச்சினார்க்கினியர் அதன் செய்யுட்களைப் புறத்திணையியல் உரையில் மேற்கோளாக ஆண்டார்; புறத்திரட்டைத் தொகுத்தவரும் சிலவற்றைச் சேர்த்துவைத்தார். நகரின் மதில் வீழ்ந்தது, நூலின் ஏடும் மறைந்தது. உரைகளும் திரட்டும் தாங்கிய பகுதியே எஞ்சியது. உரைமரபைப் போற்றுவோர் தகடூரை அயலூராகக் கருதவேண்டாமைக்கு இஃது ஒன்றே போதும்.

அதியர் குடியின் வைணவத் தொடர்புக்குக் கல்லே சான்றாக நிற்கும் இடம் நாமக்கல். அங்குள்ள அரங்கநாதர் குடைவரையில் அதியர் குலத்துக் குணசீலனின் கல்வெட்டு அத்தளியை அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று பெயரிட்டு வழங்குகிறது. ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் அங்குள்ள குடைவரைகளுள், நரசிங்கப் பெருமாள் குடைவரையில் வராகம், திரிவிக்கிரமம், இரணியவதம், அனந்தன்மேல் வீற்றிருந்த திருக்கோலம் ஆகியன புடைத்து நிற்கின்றன. பாசுரம் பெறாத தலமாயினும், அர்ச்சாவதார எளிமையைப் பாறையில் அநுபவித்த ஒரு குடியின் நெஞ்சை அது காட்டுகிறது. தருமபுரிக் கோட்டையில் பரவாசுதேவர் திருக்கோயில் கொண்டிருப்பதையும் இதனோடு சேர்த்து நினைக்கலாம்.

ஆயினும் ஒரு சான்றை ஏற்பவர் மற்றவற்றை மறைத்தலாகாது. சகம் 815, அதாவது கி.பி. 893-ஆம் ஆண்டில், நுளம்ப மகேந்திரன் ஆட்சியில் தகடூரில் சமணப் பள்ளி எடுக்கப்பட்டதைக் கன்னடக் கல்வெட்டுக் கூறுகிறது. போளூருக்கு அருகிலுள்ள திருமலையில், தகடூர்த் தலைவனாகிய விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோன் எழினி அமைத்த இயக்க இயக்கியர் படிமங்களைப் புதுப்பித்தான். கோட்டையில் மல்லிகார்ச்சுனர் கோயிலும் உண்டு. ஒரே குடி விஷ்ணுகிருகமும் எடுத்தது, சமணப் படிமமும் புதுக்கியது. தகடூரைத் தனி வைணவ நகராக வரைந்துகாட்டுவோர் இக்கற்களை என்செய்வர்?

எம்பெருமானாரின் மேல்நாட்டு எழுந்தருளல் பற்றிய செய்தியிலும் இந்நிதானம் வேண்டும். குருபரம்பரை தொண்டனூரையும் திருநாராயணபுரத்தையும் விட்டலதேவனையும் கூறுகிறது. கல்வெட்டுகளோ, ஹொய்சள விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகன் கங்கராஜன், 1116-ஆம் ஆண்டளவில் தலைக்காட்டைச் சோழர்பால் நின்ற அதியமான் என்னும் தலைவனிடமிருந்து கைப்பற்றினான் என்கின்றன. அவ்வெற்றியை அடுத்து, 1117-இல் வேளூரில் விஜயநாராயணப் பெருமாள் பிரதிஷ்டை நிகழ்ந்தது. வென்ற தண்டநாயகன் சமணன். அவன் அரசனோ பெருமாளுக்குக் கோயில் எடுத்தவன். தோற்றவன் பூண்டிருந்த பெயர், முன்னொரு காலத்தில் விஷ்ணுகிருகம் எடுத்த குடியின் பெயர். சமயத்தார் இருவர் பொருத போர் என்னும் எளிய சட்டத்துக்குள் இது அடங்காது. இந்நிகழ்ச்சியைக் காட்டி எம்பெருமானார் தகடூர் வழியாக எழுந்தருளினார் என்று துணிவோர், அதற்குப் பூர்வர் வாக்கு ஒன்றையோ கல் ஒன்றையோ காட்டக் கடமைப்பட்டவர்.

இங்ஙனம் கேட்பது நவீன ஆராய்ச்சியாளரிடம் கடன்வாங்கிய வழக்கம் அன்று. திருமாலையாண்டான் திருவாய்மொழிப் பொருள் சாதித்த ஐதிஹ்யம் யாவரும் அறிந்தது. 2-3-3 பாசுரத்துக்கு ஆளவந்தார் வழிவந்த பொருளை ஆண்டான் அருளிச்செய்ய, எம்பெருமானார் வேறொரு பொருள் விண்ணப்பித்தார். ஆளவந்தாரிடம் தாம் கேளாத பொருள் என்பதனால் ஆண்டான் அதனை விசுவாமித்திர சிருஷ்டி என்று சொல்லிக் காலக்ஷேபத்தை நிறுத்தினார். பின்னர்த் திருக்கோட்டியூர் நம்பி எழுந்தருளி, ஆளவந்தாரிடம் அப்பொருளைத் தாம் கேட்டதுண்டு என்று தெரிவித்த பின்பே அது தொடர்ந்தது. சொன்னவர் எம்பெருமானார், சொன்ன பொருளும் சுவையுடையது. ஆயினும் கேட்டார் ஒருவருடைய சாட்சி வேண்டியிருந்தது. ஈட்டிலும் இன்னார் நிர்வாகம் இது, இன்னார் நிர்வாகம் இது என்று பெயர் சுட்டி இரண்டையும் அடுத்தடுத்து வைக்கும் முறையைக் காண்கிறோம். ஒன்றை நிலைநாட்டுதற்பொருட்டு மற்றொன்றை அழித்தல் அங்கில்லை. பாசுரப் பொருளுக்கே இத்துணைக் காவல் இருக்க, ஊர்வரலாறு மட்டும் காவலின்றி விடப்படுதல் எங்ஙனம் தகும்?

மங்களாசாசனம் இல்லாமை இழிவாகும் என்னும் எண்ணமே இப்பிழைகளுக்கு வேர். அவ்வெண்ணத்துக்குத் திருநாராயணபுரமே விடை. 108-இல் அது எண்ணப்படவில்லை. நான்காம் பத்தின் முதல் திருவாய்மொழியை அத்தலத்தோடு சேர்த்து அநுசந்திக்கும் வழக்கு இருந்தும், பூர்வர்கள் எண்ணிக்கையை மாற்றினார்களில்லை. எம்பெருமானாரின் அபிமானமே அதற்குப் போதிய ஏற்றமாயிற்று. கோயில், திருமலை, பெருமாள் கோயில் ஆகியவற்றோடு ஒப்ப அதனைப் போற்றுவதற்கு எவரும் தயங்கியதுமில்லை.

இவ்வாராய்ச்சியால் விளையும் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் தொழிற்சாலைகளும் மனைப்பிரிவுகளும் பெருகுகின்றன. வயல்வரப்பில் நின்ற நடுகற்கள் இடம்பெயர்கின்றன. திருப்பணி என்ற பெயரால் பழைய கருவறைச் சுவரில் வண்ணம் பூசுவதும், மணல் வீசித் தேய்ப்பதும், அதிட்டானத்தை மெருகேற்றிய புதுக்கல்லால் மறைப்பதும் பல இடங்களில் நிகழ்வன. எழுத்து அழிந்த சுவரின்மேல் கற்பனை வரலாற்றைப் பளிங்கில் பொறித்துவைத்தால், உண்மையான சான்று ஒருமுறைக்கு இருமுறை மறைகிறது. அக்கற்பனையை நாளை ஒருவர் மறுக்குங்கால், அதனோடு சேர்த்துச் சொல்லப்பட்ட நல்ல ஐதிஹ்யமும் ஐயத்துக்கு உள்ளாகும்.

ஆதலின் இப்பகுதிக் கோயிலுக்குத் தலவரலாறு எழுதுவோர், திருப்பணிக்கு முன்னரே கல்வெட்டுகளைப் படியெடுத்தல் வேண்டும். கல் கூறுவது இது, குருபரம்பரை கூறுவது இது, ஊரார் செவிவழிக் கூறுவது இது என்று மூன்றனையும் தனித்தனியே எழுதுதல் வேண்டும். சமணப் பள்ளியும் சிவன் கோயிலும் இருந்த இடத்தில் இருந்தன என்றே சொல்லுதல் வேண்டும். தகடூர் யாத்திரையின் ஒரு செய்யுளைக்கூடத் தாம் புனைந்து சேர்க்காமல், கிடைத்ததைக் கிடைத்தவாறே மேற்கோள் காட்டிய உரையாசிரியர்களால்தான் அந்நகரின் போர் இன்றைக்கும் அறியப்படுகிறது. அவர்கள் வழிநிற்போர் அந்நகருக்குச் செய்யத்தக்க கைங்கரியமும் அதுவே.