டெலிட் பட்டன் இருக்கும் கணக்கு

'சேல்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம்' என்று நான் பார்த்த கல்லூரி புராஜெக்ட் எல்லாவற்றிலும் ஆட், எடிட், டெலிட்னு மூணு பட்டன். விபி6, ஆக்சஸ் காலத்தில் நாங்க செய்ததும் அதேதான்.

ஆனைமலைக் கொப்பரை வியாபாரி பேரேட்டில் தப்பான வரியை அழிக்க மாட்டார். எதிர்ப்பதிவு போட்டு நேர்செய்வார். அழித்துவிட்டால், தோட்டக்காரருக்குக் கொடுத்த முன்பணத்துக்கு என்ன சாட்சி? டேலி உருவானதே பாரத் கோயங்கா தன் அப்பாவின் தொழிலுக்குக் கணக்கெழுத மென்பொருள் செய்யப்போய்த்தான். நம்ம பசங்க கடைப்படியே ஏறுவதில்லை.

2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாகணும், அந்தப் பதிவை நிறுத்தி வைக்கவும் முடியக்கூடாது என்பது சட்டம். புராஜெக்ட்டிலோ ஒரு வாடிக்கையாளரை டெலிட் செய்தால் அவருடைய பழைய பில்களும் சேர்ந்தே போய்விடுகின்றன. வைவாவில் இதை யாரும் கேட்பதில்லை. லாகின் ஸ்கிரீன் அழகா இருக்கான்னுதான் பார்க்கறாங்க.