புறப்படும் வாயிலோடு முடியும் பாதுகாப்பு: குடிபெயர்வுச் சட்டங்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மதுரைச் செல்லூரில் தறி நெய்வதில் கைதேர்ந்த ஒருவர் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதவர் எனக் கொள்வோம். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் அவர் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியைப் பெற வேண்டும். அவரைப் பிரித்தறியும் அளவுகோல் பள்ளிச் சான்றிதழே, கைத்திறன் அன்று. இவ்வாறு 'திறன் குறைந்தோர்' எனப்படுவோரை அரசு எந்த அளவுக்குக் காக்கிறது என்பதை, இரு ஊதியக் குறைப்புகளின் ஒப்பீட்டால் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இரு ஊதியக் குறைப்புகள்

'திறனற்ற வேலை' என்னும் வகைப்பாடு 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்திலேயே காணப்படுகிறது. அச்சட்டத்தின்கீழ் இலங்கையிலும் மலாயாவிலும் இந்திய அரசின் முகவர்கள் அமர்த்தப்பட்டனர். 1938இல் மலாயாத் தோட்ட முதலாளிகள் ஊதியத்தைக் குறைத்தபோது, ஆங்கிலேயரின் கீழிருந்த இந்திய அரசு அவ்வாண்டு ஜூனில் உதவித்தொகையுடன் தொழிலாளர் அங்குச் செல்வதைத் தடைசெய்தது.

2020 செப்டம்பரில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. வளைகுடா செல்வோருக்கெனத் தான் வகுத்திருந்த குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியத்தை இந்திய அரசே 30 முதல் 50 விழுக்காடு வரை குறைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வேலைவாய்ப்பைக் காப்பதே நோக்கம் எனக் கூறப்பட்டது. எதிர்ப்புகள் எழுந்தபின் 2021இல் பழைய அளவு மீட்கப்பட்டது. சுற்றறிக்கையால் குறையவும் கூடவும் இயலும் ஒன்றை உரிமை என்று கொள்ள இயலாது, அது சலுகையே.

தடையின் எல்லை

எனினும் 1938ஆம் ஆண்டுத் தடையை முழு வெற்றியாகக் கருதுதல் பொருந்தாது. அது புதிதாகச் செல்வோரை நிறுத்தியதேயன்றி, முன்னரே அங்கிருந்தோரின் நிலையை மாற்றவில்லை. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் தொழிலாளர் தாமே வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது படைகொண்டு ஒடுக்கப்பட்டது.

தடை, உடன்படிக்கைக்கு வழியாகும்போதே பயன் தருகிறது. 2018இல் பிலிப்பைன்ஸ் அரசு குவைத்துக்குத் தொழிலாளரை அனுப்புவதை நிறுத்தியது. சில மாதங்களில் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கை, வீட்டுப் பணியாளரின் கடவுச்சீட்டை முதலாளி வைத்துக்கொள்வதைத் தடுத்தது. ஊதியத்தை உயர்த்தினால் வேலை பிற நாட்டவருக்குச் சென்றுவிடும் என்னும் வாதம் புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும் அதற்குரிய விடை, தொழிலாளரை அனுப்பும் நாடுகள் ஒன்றுகூடிப் பேசுவதே; ஒவ்வொன்றும் தன் மக்களின் கூலியைத் தாழ்த்துவதன்று.

முடிவுரை

இந்தியச் சட்டம் ஆள்சேர்ப்பு முகவரைப் பதிவுசெய்கிறது, காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது, குடிபெயர்வு அனுமதி வழங்குகிறது. இவை அனைத்தும் புறப்படும் வாயிலில் நிகழ்பவை. கூலி மறுக்கப்படும் இடமோ கடலுக்கு அப்பால் உள்ளது. குறைந்தபட்ச ஊதியத்தை இருநாட்டு உடன்படிக்கைகளில் கட்டாய விதியாகச் சேர்க்காத வரையில், செல்லூர் நெசவாளருக்கு வழங்கப்படும் அனுமதி அவரைக் கண்காணிக்குமேயன்றிக் காக்காது.