பதினான்கு பேர் கைகோர்த்த மரம்

மன்னார் பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் பார்க்கப் போய்வந்த மாணவர்கள் எழுதிய ஊடக அறிக்கைகளை ஒரே மாலையில் வாசித்து முடித்தேன். பெரும்பாலானவற்றில் மரம் நான்காம் பந்தியில்தான் தலைகாட்டியது. அதற்கு முன்னால் மங்கல விளக்கு, வரவேற்புரை, பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர். பிறகு மரமும் ‘பழமை வாய்ந்த’, ‘பிரமாண்டமான’ என்று இரண்டு அடைமொழிகளைச் சுமந்துகொண்டு வந்து, ஒரே வரியில் போய்விட்டது. ஒன்று மட்டும் இப்படித் தொடங்கியது: “பள்ளிமுனைப் பெருக்கமரத்தைச் சுற்றி வளைக்க எங்கள் வகுப்பில் 14 பேர் கைகோர்க்க வேண்டியிருந்தது.”

அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர். மன்னாரைப் பற்றிய எந்தக் கையேட்டிலும் கிடைக்கும் கணக்கு அது. வாசித்த மறுநிமிடம் மறந்தும் போகும். பதினான்கு பிள்ளைகளின் கைகள் மறக்காது. அடுத்த வரியில் இன்னும் ஒரு நல்ல வேலை செய்திருந்தாள் அந்த மாணவி. மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்று சொல்வதை ‘என நம்பப்படுகிறது’ என்று எழுதி, தாங்கள் அளந்ததையும் கேள்விப்பட்டதையும் வேறு வேறாக நிறுத்தியிருந்தாள். பயிற்சி பெற்ற நிருபர்களே தவறவிடும் இடம் அது.

இலங்கையில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடசாலைப் பாடமாகவே இருக்கிறது. ஆனாலும் ஊடக அறிக்கையை ஒரு கலையாக ரசிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. கவிதைக்கும் சிறுகதைக்கும் பரிசு கொடுக்கிறோம். ஊடக அறிக்கையை மட்டும் கடிதம் போல எழுதி அனுப்பிவிடுகிறோம். மன்னாரில் நடந்ததைக் கொழும்பில் வீரகேசரியிலோ தினகரனிலோ, யாழ்ப்பாணத்தில் உதயனிலோ இருக்கும் ஓர் உதவி ஆசிரியர் இந்த ஒற்றைத் தாளை வைத்துத்தான் அறிகிறார். அவரிடம் இருப்பது இரண்டு அங்குல இடம். கீழிருந்து வெட்டிக்கொண்டே வருவார். முதல் பந்தி மட்டும் மிஞ்சினாலும் செய்திக்கு உயிர் இருக்க வேண்டும். விருந்தினர் பெயரோடு தொடங்கிய அறிக்கையை வெட்டினால் மிஞ்சுவது விருந்தினர் பெயர்தான்.

நான் அடுத்துத் தேடுவது ‘நேற்று’ என்ற சொல்லை. செவ்வாயன்று எழுதிய ‘நேற்று’ வெள்ளியன்று அச்சாகும்போது பொய்யாகிவிடும். திகதியை ஆண்டோடு எழுதும் பிள்ளையிடம், வாசகன் எப்போது வாசிப்பான் என்ற நினைப்பு இருக்கிறது. பிறகு ‘பட்டது’, ‘பட்டன’. ‘கண்டல் கன்றுகள் நாட்டிவைக்கப்பட்டன’ என்று ஒருவன் எழுதியிருந்தான். யார் நாட்டியது என்று கேட்டேன். “நாங்கள்தான் சேர், முழங்கால் வரைக்கும் சேற்றுக்குள்ள நின்று” என்றான். அந்தச் சேறு அறிக்கையில் இல்லை. திருத்தி எழுதியபோது வந்தது, வாக்கியமும் நிமிர்ந்தது.

உலகின் முதல் ஊடக அறிக்கை என்று சொல்லப்படுவது ஒரு ரயில் விபத்தைப் பற்றியது. 1906 ஒக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் சிற்றியில் பாலத்திலிருந்து ரயில் நீருக்குள் விழுந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூடி மறைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், ரயில் நிறுவனத்துக்காக வேலை செய்த ஐவி லீ தெரிந்த விவரங்களை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். கடலுக்குள் போன ரயிலின் துயரம் நமக்கும் தெரியும். 1964 டிசம்பர்ப் புயலில் அக்கரைத் தனுஷ்கோடியில் ஒரு ரயிலே அலைக்குள் போனது. தலைமன்னாரும் அந்தப் புயலில் அடிபட்டது. அப்படிப்பட்ட நாளில் தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லும் ஒரு தாள் எத்தனை வீடுகளுக்கு ஆறுதல் என்பதைக் கரையோர மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் வங்காலையிலிருந்து வந்த ஓர் அறிக்கையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அங்குள்ள பறவைகள் சரணாலயம் 2010இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பூநாரைகளை எண்ணப் போன மாணவர்கள், ‘எண்ணிக்கொண்டிருக்கையில் கூட்டம் எழுந்து பறந்துவிட்டதால் எங்கள் கணக்கு முழுமையானதல்ல’ என்று எழுதியிருந்தார்கள். ‘ஆயிரக்கணக்கான’ என்று எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அந்த ஒரு வரிக்கு நான் முழுப் புள்ளி கொடுத்தேன்.

மேற்கோள்களும் அப்படியே. ‘இவ்வாறான நிகழ்வுகள் காலத்தின் தேவையாகும்’ என்று எந்த மனிதரும் வாயால் பேசுவதில்லை. பேசாலைக் கரையைத் துப்புரவு செய்த பிள்ளைகள், வலையில் மீனோடு பொலித்தீன் பையும் ஏறுகிறது என்று ஒரு மீனவர் சொன்னதைக் கேட்டு எழுதினார்கள். கேட்ட காது அந்த வரியில் தெரிகிறது.

விருந்தினரை மதிப்பது நம் பண்பு. அதை விடச் சொல்லவில்லை. பிள்ளைகள் விருந்தினரோடு தொடங்கி எழுதுவதற்குக் காரணம், நாம் அவர்களுக்குக் காட்டும் மாதிரிகள் அப்படி இருப்பதுதான். ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: விருந்தினர் பெயர்களைப் பிழையின்றி, பதவியோடு, கடைசிப் பந்தியில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளை கண்ணால் கண்டு எழுதிய முதல் வரியில் மட்டும் சிவப்பு மையை வைக்காதீர்கள்.