கள்ளும் கேண்மையும்

அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு (புறநானூறு 235) கள்ளில் தொடங்குகிறது. மேடைகளில் இதனை எடுத்துரைப்போர் சிலர் அச்சொல்லை மெல்ல விழுங்கிவிட்டுச் சோற்றுக்கு வந்துவிடுகின்றனர். வேறு சிலரோ, கள்ளின்றி நட்பில்லை என்பதற்கு இதனையே சான்றாக நீட்டுகின்றனர். மதுவை விலக்கிய மார்க்கத்தினராகிய நாம் முதற்சாராரோடு சேர்ந்துகொள்வது எளிது. ஆயினும் பாட்டை மறைத்துப் பெறும் வெற்றி நமக்கு வேண்டாம்.

பாட்டு கூறுவது என்ன? கள் சிறிதே கிடைத்தால் அதனைப் புலவர்க்கே அளித்தான். மிகுதியாகக் கிடைத்தால், புலவர் பாடத் தானும் மகிழ்ந்து உண்டான். சோறு சிறிதாயினும் பெரிதாயினும் பலரோடும் பகிர்ந்தான். ஊன் கிடைக்கும் இடமெல்லாம் புலவர்க்கு. அம்பும் வேலும் பாயும் இடமெல்லாம் தனக்கு. இவ்வரிசையில் கள் முதற்படியே. குறைந்த காலத்தில் தனக்கென வைத்துக்கொள்ளாத அந்தக் கையை நினைந்தே ஔவையார் அழுகிறார். காசைக் கூட்டாகப் போட்டு, அளவு பார்த்து ஊற்றிக்கொள்ளும் குழாத்துக்கு இப்பாட்டு எங்ஙனம் சான்றாகும்?

திருக்குறளில் 'நட்பு' 79ஆம் அதிகாரம். 'கள்ளுண்ணாமை' 93ஆம் அதிகாரம். நட்பியல் என ஓர் இயல் வகுத்து அச்சிடும் பதிப்புகளில் இரண்டும் அதனுள்ளேயே அடங்குகின்றன. குடியை நட்பின் கணக்கிலேயே வைத்துப் பார்க்கவேண்டும் என அவ்வாறு பகுத்தோர் கருதினர் போலும்.

1983இல் தோன்றிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்திவருகிறது. இக்காலத்தில், 'குடிக்காதவனுக்கு நண்பர் ஏது?' என்று கேலி பேசும் இளைஞரைத் திருச்சியில் நாமும் கேட்டிருக்கிறோம். அவர்கள் நின்று பேசும் ஊரே அதற்கு விடை வைத்திருக்கிறது. உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரும் முன்பின் கண்டவரல்லர். ஒரு கலத்தில் உண்டவருமல்லர். சோழன் வடக்கிருந்தபோது, அவர் வருவார் என்று கூறி இடம் ஒதுக்கச் செய்தான். அவரும் வந்து உடனிருந்து உயிர் நீத்தார். நட்புக்குப் பழக்கம் வேண்டா, ஒத்த உணர்ச்சியே போதும் என்னும் குறளுக்கு (785) பரிமேலழகர் இவ்விருவரையே எடுத்துக்காட்டுகிறார்.

சோழன் வடக்கிருந்தது ஆற்றிடைக்குறை ஒன்றின் மரநிழலில் என்பது புறநானூறு 219ஆல் தெரிகிறது. திருவரங்கமும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவே. அதுதான் இது என்று நாம் சாதிக்கவில்லை. எனினும் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் நினைவு அங்கே போகிறது.

பொத்தியாரையும் இங்கே மறத்தல் ஆகாது. உடனிருந்து உயிர்விட வந்த அவரை, மகன் பிறந்தபின் வருக என்று மன்னன் திருப்பியனுப்பினான். உறையூருக்கு மீண்ட அவர், களிற்றை இழந்த பாகன் வெறுங் கட்டுத்தறியைக் கண்டு அழுவதுபோல, சோழன் இல்லாத மன்றத்தைக் கண்டு அழுதார்.